வாங்கிய இதழ், வாடகை இதழ்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டெனிசன் பல்கலைக்கழகம் என்றொரு சிறிய கல்வி நிலையம் இருக்கிறது. 1993 இறுதியில் அதன் அறங்காவலர்கள் கூடியபோது நூலகக் கட்டடம் பற்றிப் பேச்சு வந்தது. இடம் போதவில்லை, விரிவாக்க சுமார் 50 லட்சம் டாலர் வேண்டும். இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவற்றில் பெரும்பங்கு பழைய ஆய்விதழ்களின் பைண்டு செய்த தொகுதிகள். அறங்காவலர்களில் ஒருவர் வில்லியம் போவன். பொருளாதார அறிஞர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர், அப்போது மெல்லன் அறக்கட்டளையை நடத்திவந்தவர். ஒரே இதழின் அதே பழைய தொகுதிகளை ஆயிரக்கணக்கான கல்லூரிகள் தனித்தனியே அடுக்கிவைத்து, அதற்காகத் தனித்தனியே கட்டடம் கட்டுவானேன் என்று அவர் யோசித்தார். ஒருமுறை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவிட்டால் எல்லோரும் அதையே படிக்கலாமே. அந்த யோசனை 1995-ல் ஜேஸ்டோர் என்ற அமைப்பாக உருவெடுத்தது. பொருளாதாரமும் வரலாறும் சார்ந்த பத்து இதழ்களோடு தொடங்கி, பிறகு அறிவியலுக்கும் வந்து, 1665 முதல் வெளிவரும் லண்டன் ராயல் சொசைட்டியின் ‘பிலாசபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ வரை அது சேர்த்துக்கொண்டது.

அச்சு ஆய்விதழ்கள் கணினித் திரைக்கு மாறியதற்கு வேகம்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். வேகம் ஒரு காரணம்தான். ஆனால் நூலகர்களை முதலில் நெருக்கியவை இடமும் பணமும். அந்த இரண்டு நெருக்கடிகளிலிருந்தும் தப்பிக்கும் முயற்சியில் அவர்கள் கைவிட நேர்ந்த ஒன்றைப் பற்றி வாசகர்களுக்கு அதிகம் தெரியாது. அச்சு இதழ் நூலகத்தின் சொந்தப் பொருள். மின்னிதழ் பெரும்பாலும் அப்படி அல்ல.

அச்சுக் காலத்தில் ஓர் அறிவியல் நூலகத்துக்குள் ஜர்னல் எப்படி நடமாடியது என்று பார்த்தால் மாற்றத்தின் அளவு புரியும். தபாலில் இதழ் வந்ததும் ‘கார்டெக்ஸ்’ என்ற தட்டுத்தட்டான அட்டைப் பதிவேட்டில் அந்த மாதக் கட்டத்தில் ஒரு குறி விழும். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ அந்த இதழ் வழியில் தொலைந்துவிட்டது என்று பொருள். உடனே சந்தா முகவருக்குக் கடிதம் போக வேண்டும். வந்த இதழ் சாய்வான காட்சி அலமாரியில் முகம் தெரிய நிற்கும். அடுத்த இதழ் வந்ததும் முந்தையது பின்னால் போகும். ஆண்டு முடிந்ததும் எல்லாவற்றையும் சேகரித்துப் பைண்டரிடம் அனுப்புவார்கள். ரெக்ஸின் அட்டையும் முதுகில் பொன்னெழுத்தும் போட்டுக் கனமான தொகுதியாகத் திரும்பி வரும். பைண்டிங்குக்குப் போயிருக்கும் வாரங்களில் அந்த இதழைத் தேடி வரும் ஆராய்ச்சி மாணவர் வெறுங்கையோடு திரும்புவார்.

இந்தியாவில் இதோடு கடலும் சேர்ந்துகொண்டது. விமானத் தபாலுக்குப் பணம் இல்லாத நூலகங்களுக்கு ஐரோப்பிய, அமெரிக்க இதழ்கள் கப்பலில் வந்தன. லண்டனில் ஒருவர் ஜனவரியில் படித்ததை இங்கே ஒருவர் கோடையில் படித்தார். இதழே வராத ஊரில் இருந்தவர்கள் கட்டுரை ஆசிரியருக்கே அஞ்சலட்டை எழுதிப் பிரதி கேட்பார்கள். பல ஆசிரியர்கள் தபால் செலவைத் தாங்களே ஏற்று அனுப்பியும் வைத்தார்கள். 1952-ல் டெல்லியில் தொடங்கப்பட்ட இன்ஸ்டாக் என்ற தேசிய அறிவியல் ஆவண மையம், கேட்ட கட்டுரையை நகலெடுத்துத் தபாலில் அனுப்புவதையே ஒரு முக்கியப் பணியாகச் செய்துவந்தது.

அறிவியலில் யார் முந்தினார்கள் என்பதைத் தீர்மானித்ததும் தபால்தான். 1928 பிப்ரவரி 28 அன்று சர் சி.வி. ராமன் தன் ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பை உறுதிசெய்தார். மார்ச் 16 அன்று பெங்களூரில் அதைப் பற்றி உரை நிகழ்த்தினார். அந்த உரையைத் தாமே நடத்திவந்த ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்’ இதழில் அந்த மாதம் முடிவதற்குள் அச்சேற்றி, பிரதிகளை உலகெங்கும் இருந்த இயற்பியலாளர்களுக்கு அஞ்சலில் அனுப்பிவைத்தார். இதழ் நூலகங்களைச் சென்றடையும்வரை காத்திருந்தால் என்ன ஆகும் என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார்.

அந்தக் காத்திருப்பை முதலில் உடைத்தவர்களும் இயற்பியலாளர்களே. துகள் இயற்பியலில் ஒரு கட்டுரை இதழில் வெளிவரப் பல மாதங்கள் ஆகும் என்பதால், அச்சுக்கு அனுப்பும் அதே நாளில் அதன் நகல்களை உலகின் முக்கிய ஆய்வகங்களுக்குத் தபாலில் அனுப்பும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு வளாகத்தில் இருக்கும் ஸ்லாக் ஆய்வகத்தின் நூலகம் இப்படி வந்து குவியும் முன்பதிப்புகளைப் பட்டியலிட்டு, 1970-களிலிருந்தே ‘ஸ்பயர்ஸ்’ என்ற கணினித் தரவுத்தளத்தில் வைத்திருந்தது. 1991 ஆகஸ்டில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர், கட்டுரையையே மின்னஞ்சல் வழியாகச் சேர்க்கவும் எடுக்கவும் ஒரு கணினியை ஒதுக்கினார். இன்று ‘ஆர்க்கைவ்’ என்று உலகம் அறிந்த, 20 லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் கொண்ட களஞ்சியத்தின் தொடக்கம் அதுதான்.

அதே ஆண்டு டிசம்பரில் இன்னொன்று நடந்தது. ஜெனீவாவில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கியிருந்த வலையைப் பார்த்துவிட்டு வந்த பால் குன்ஸ் என்ற ஸ்லாக் இயற்பியலாளரும், அதன் பயனை உடனே உணர்ந்து ஊக்கிய லூயிஸ் அடிஸ் என்ற நூலகரும் சேர்ந்து, ஐரோப்பாவுக்கு வெளியே முதல் வலைச் சேவையகம் இயங்கக் காரணமானார்கள். எதற்காக அதை நிறுவினார்கள் தெரியுமா? ஸ்பயர்ஸ் பட்டியலில் தேடுவதற்காக. வலையின் வரலாற்றில் ஒரு நூலகருக்கும் ஒரு நூலகப் பட்டியலுக்கும் இவ்வளவு முன்னால் இடம் இருக்கிறது என்பது இன்னும் பரவலாகத் தெரிய வேண்டிய செய்தி.

ஆர்க்கைவ் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். ரஷ்யக் கணிதவியலாளர் கிரிகோரி பெரெல்மான், நூறாண்டுகளாகத் தீராதிருந்த புவான்கரே கணக்கின் தீர்வை 2002, 2003 ஆண்டுகளில் அங்கேதான் போட்டார். எந்த இதழுக்கும் அவர் அதை அனுப்பவில்லை. உலகக் கணிதவியலாளர்கள் அந்தக் கட்டுரைகளை வரிவரியாகச் சரிபார்த்து ஏற்றார்கள்.

பதிப்பகங்கள் மெதுவாகத்தான் அசைந்தன. 1991-லிருந்து 1995 வரை நெதர்லாந்தின் எல்ஸவியர் நிறுவனம், ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ‘டூலிப்’ என்ற சோதனையை நடத்தியது. பொருளறிவியல் இதழ்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றின் பக்கங்களைப் படங்களாக்கி அனுப்பினார்கள். அன்றைய வலையமைப்புகளும் சேமிப்பு வட்டுகளும் அந்தக் கனத்தைத் தாங்கத் திணறின. அதற்குள் காலம் கனிந்தது. 1993-ல் படங்களையும் காட்டும் மொசைக் உலாவி வந்தது; அதே ஆண்டு அடோபியின் பி.டி.எஃப். வடிவம் வந்தது. அச்சுப் பக்கம் எப்படி இருக்குமோ அப்படியே திரையில் தெரியவும், வேண்டுமானால் அச்சிட்டுக்கொள்ளவும் முடிந்ததும் விஞ்ஞானிகளின் தயக்கம் குறைந்தது.

1995-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகம் தானே ‘ஹைவயர் பிரஸ்’ என்ற பிரிவைத் தொடங்கி, ‘ஜர்னல் ஆஃப் பயலாஜிக்கல் கெமிஸ்ட்ரி’ இதழை வலையில் ஏற்றியது. ஆண்டுக்குப் பல்லாயிரம் பக்கங்கள் அச்சாகி, எந்த நூலகத்திலும் சுவர் சுவராக இடம் பிடித்துக்கொண்ட இதழ் அது. 1997-ல் எல்ஸவியரின் சயன்ஸ் டைரக்ட் தளம் தொடங்கியது. 2000-ல் பதிப்பகங்கள் சேர்ந்து கிராஸ்ரெஃப் என்ற அமைப்பை நிறுவி, ஒவ்வொரு கட்டுரைக்கும் மாறாத எண் ஒன்றைத் தரத் தொடங்கின. ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பைச் சொடுக்கினால் அடுத்த நொடி இன்னொரு பதிப்பகத்தின் கட்டுரை திறக்கிறதே, அது இந்த எண்ணால்தான். முன்பு அதே வேலைக்கு அலமாரிகளுக்கு நடுவே அரை நாள் நடக்க வேண்டியிருந்தது.

நூலகங்களில் துணிந்து முதலில் இறங்கியவற்றுள் பிலடெல்பியாவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகமும் ஒன்று. இனி இதழ்களை இயன்றவரை மின்வடிவில் மட்டுமே வாங்குவது என்று 1998-ல் அது முடிவெடுத்தது. அப்போது 1,700-க்கு மேல் இருந்த அச்சுச் சந்தாக்கள் நான்கே ஆண்டுகளில் 400-க்கும் கீழே வந்தன. மின்னிதழ்களின் எண்ணிக்கை எட்டாயிரத்தைத் தாண்டியது. அங்கு நடந்ததைக் கவனமாகப் பதிவு செய்தவர்கள் கண்ட உண்மை இது: இதழ்களை அடுக்கவும் பைண்டிங்குக்கு அனுப்பவும் ஆள் தேவை குறைந்தது, உரிம ஒப்பந்தங்களைப் படித்துப் பேரம் பேசவும், அறுந்த இணைப்புகளைச் சரிசெய்யவும், கணினி அமைப்புகளைப் பராமரிக்கவும் கூடுதல் தேர்ச்சியும் கூடுதல் சம்பளமும் உள்ளவர்கள் தேவைப்பட்டார்கள். மின்னிதழ் வந்தால் செலவே இராது என்று நினைத்தவர்களுக்கு டிரெக்ஸல் சொன்ன பதில் அது.

இடம் மிச்சமானதை மறுக்க முடியாது. பால் கூரன்ட், மேத்யூ நீல்சன் என்ற இருவர் 2010-ல் போட்ட கணக்கின்படி, ஒரே ஒரு புத்தகத்தைத் திறந்த அலமாரியில் ஓராண்டு வைத்திருக்க அமெரிக்க நூலகம் ஒன்றுக்கு ஆகும் செலவு 4.26 டாலர், நெருக்கி அடுக்கும் கிடங்கில் வைத்தால் 86 சென்ட். லட்சக்கணக்கான தொகுதிகளோடு பெருக்கிப் பார்த்தால் கட்டடம் கட்டுவதை நூலகங்கள் ஏன் நிறுத்தின என்பது புரியும். 1907 முதல் வேதியியலாளர்களின் கைவிளக்காக இருந்த ‘கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ 2010 தொடக்கத்தில் அச்சை நிறுத்தியது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு தன் பொறியியல் நூலகத்தைப் புதிய இடத்துக்கு மாற்றியபோது, அலமாரிக்கு வந்தவை சுமார் பத்தாயிரம் புத்தகங்கள் மட்டுமே.

இனி பணத்துக்கு வருவோம். கதையின் கடினமான பகுதி இதுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அறிவியல் ஆராய்ச்சிக்கு அரசுகள் பெரும்பணம் ஒதுக்கின. அந்த ஆராய்ச்சியை வெளியிடும் இதழ்கள் நல்ல வணிகம் என்று ராபர்ட் மாக்ஸ்வெல் போன்ற பதிப்பாளர்கள் கண்டுகொண்டார்கள். கட்டுரை எழுதும் விஞ்ஞானிக்கு இதழ் பணம் தருவதில்லை. அதைச் சரிபார்க்கும் சக விஞ்ஞானிக்கும் பெரும்பாலும் தருவதில்லை. அச்சாகி வந்ததை அதே விஞ்ஞானிகளின் பல்கலைக்கழகம் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒரு கட்டுரைக்கு மாற்றாக இன்னொரு கட்டுரை ஆகாது என்பதால் ஒரு துறையின் முக்கிய இதழை நூலகம் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. மாக்ஸ்வெல்லின் பெர்கமன் பிரஸ் 1991-ல் 44 கோடி பவுண்டுக்கு எல்ஸவியரிடம் விற்கப்பட்டது. ‘பிரெயின் ரிசர்ச்’ என்ற ஒற்றை இதழின் ஆண்டுச் சந்தா 20,000 டாலரைத் தாண்டிய காலமும் வந்தது. விலை ஏற ஏறச் சில நூலகங்கள் விலகும். மிச்சமிருப்பவர்கள் தலையில் இன்னும் ஏறும்.

இந்திய நூலகங்களுக்கு 1991 ஜூலை தனி அடி. ரூபாயின் மதிப்பு ஒரே வாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது. டாலரிலும் பவுண்டிலும் சந்தா கட்டிவந்த பல பல்கலைக்கழக நூலகங்கள் அந்த ஆண்டுகளில் இதழ் பட்டியலில் கோடு கிழித்துக்கொண்டே போயின. பல தலைப்புகளின் தொகுதிகள் தொண்ணூறுகளின் தொடக்கத்தோடு அறுந்து நிற்பதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் பதிப்பகங்கள் ஒரு புதிய பேரத்தோடு வந்தன. நீங்கள் இதுவரை வாங்கிய அச்சு இதழ்களுக்குக் கொடுத்த தொகையோடு கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள்; எங்கள் எல்லா இதழ்களையும் மின்வடிவில் திறந்துவிடுகிறோம்; ஆனால் பல ஆண்டு ஒப்பந்தம், இடையில் இதழ்களை நீக்கக் கூடாது, ஆண்டுதோறும் விலை ஏறும். நூறு இதழ் வாங்கிக்கொண்டிருந்த நூலகத்துக்கு ஒரே நாளில் ஆயிரம் இதழ் கிடைத்தது. மறுக்க யாருக்கு மனம் வரும்? விஸ்கான்சின் பல்கலைக்கழக நூலக இயக்குநர் கென்னத் ஃப்ரேசியர் 2001-ல் இதற்குப் ‘பிக் டீல்’ என்று பெயர் சூட்டி எச்சரிக்கை ஒன்று எழுதினார். இன்று ஒவ்வொரு நூலகத்துக்கும் தனித்தனியே லாபமாகத் தெரிவது, நாளை எல்லா நூலகங்களையும் சேர்த்துக் கட்டிப்போடும் என்றார் அவர். தேவையற்ற இதழ்களைக் கழிக்கும் உரிமை பறிபோகும். பெரிய பதிப்பகங்களுக்குக் கட்டிய பிறகு சிறு சங்கங்களின் இதழ்களுக்கு மிச்சம் இராது என்பதும் அவர் கணிப்பு. அது பலித்தது. உலகின் மிகப் பணக்காரப் பல்கலைக்கழகமான ஹார்வர்டு, ஆய்விதழ்களுக்கு ஆண்டுக்கு 37.5 லட்சம் டாலர் போகிறது, இது இனித் தாங்காது என்று 2012-ல் தன் ஆசிரியர்களுக்கே சுற்றறிக்கை அனுப்பியது.

அச்சு நாட்களில் பணம் தீர்ந்தால் சந்தா நிற்கும். அதுவரை வாங்கிய தொகுதிகள் அலமாரியிலேயே இருக்கும். பக்கத்துக் கல்லூரி மாணவர் வந்து படிக்கலாம், வேறு நூலகத்துக்குக் கடனாகக் கொடுக்கலாம், நூறாண்டு கழித்தும் யார் அனுமதியும் கேட்க வேண்டியதில்லை. மின்னிதழுக்கு உரிம ஒப்பந்தமே ஆட்சி செய்கிறது. வளாகத்தின் ஐ.பி. முகவரியிலிருந்து வருபவர்களுக்கும் கடவுச்சொல் உள்ளவர்களுக்கும் மட்டும் கதவு திறக்கும். பட்டம் பெற்று வெளியேறிய மாணவருக்கு மறுநாளே அது மூடிக்கொள்ளும். பிற நூலகங்களுக்கு நகல் தரலாமா, எப்படித் தரலாம் என்பது கூட ஒப்பந்தத்தில் எழுதியபடிதான். சந்தா நின்ற பிறகு, பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்களாவது கிடைக்குமா? ‘நிரந்தர அணுக்கம்’ என்ற பிரிவு ஒப்பந்தத்தில் இருந்தால் கிடைக்கும். இல்லையென்றால் இல்லை.

எதிர்த்து நின்றவர்களும் உண்டு. பத்து வளாகங்கள் கொண்ட கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2019 பிப்ரவரியில் எல்ஸவியரோடு பேச்சை முறித்துக்கொண்டது. இரண்டாண்டு புதிய கட்டுரைகள் இல்லாமலே சமாளித்தார்கள். 2021 மார்ச்சில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில், அந்தப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதும் கட்டுரைகளை உலகம் முழுவதும் இலவசமாகப் படிக்கலாம் என்ற நிபந்தனையைப் பெற்றார்கள். நூலகர்களும் பேராசிரியர்களும் ஒரே வரிசையில் நின்றதால்தான் அது முடிந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நூலகர் மட்டும் தனியே பேரம் பேசிய இடங்களில் பேராசிரியர் ஒருவரின் கோபமான மின்னஞ்சலே பேச்சை முடித்துவைத்துவிடும்.

வாசிப்பும் மாறியது. அமெரிக்க விஞ்ஞானிகளின் வாசிப்புப் பழக்கத்தைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த கேரல் டெனோபிர், டொனால்ட் கிங் இருவரும், 1977-ல் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 150 கட்டுரைகள் படித்ததாகவும், 2005 வாக்கில் அது 280 அளவுக்கு உயர்ந்ததாகவும் கண்டார்கள். ஒரு கட்டுரைக்குச் செலவிடும் நேரம் குறைந்தது. சிகாகோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜேம்ஸ் எவன்ஸ் 2008-ல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு பலரைத் திடுக்கிட வைத்தது. 3.4 கோடி கட்டுரைகளை ஆராய்ந்த அவர், பழைய இதழ்கள் எந்த அளவுக்கு வலைக்கு வந்தனவோ அந்த அளவுக்கு மேற்கோள்கள் புதிய கட்டுரைகளை நோக்கியும் குறைவான கட்டுரைகளை நோக்கியும் குவிந்தன என்றார். தேடுபொறி கேட்டதைக் கொடுத்துவிடுகிறது. தொகுதியைப் புரட்டும்போது கேட்காமலே கண்ணில் படும் பக்கத்துக் கட்டுரை போய்விட்டது என்பது அவர் விளக்கம். வேறு ஆய்வாளர்கள் வேறு கணக்கு முறையில் அதை மறுத்தார்கள். மேற்கோள்கள் உண்மையில் பரவலாகத்தான் ஆகின்றன என்றார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனாலும் பழைய தொகுதி ஒன்றில் தேடாத கட்டுரையைக் கண்டெடுத்துத் தன் ஆராய்ச்சியின் திசையே மாறியதாகச் சொல்லும் விஞ்ஞானிகள் எல்லா நாட்டிலும் உண்டு.

வலையில் இருக்கும் இதழ் நாளையும் இருக்குமா என்ற கேள்வி ஸ்டான்ஃபோர்டு நூலகத்தில் விக்கி ரைச்சையும் கணினிப் பொறியாளர் டேவிட் ரோசன்தாலையும் துரத்தியது. 1999 வாக்கில் அவர்கள் தொடங்கிய ‘லாக்ஸ்’ திட்டத்தின் தத்துவம் அச்சுக் காலத்திலிருந்தே எடுத்தது. பிரதிகள் பல இடங்களில் இருந்தால் ஒன்று அழிந்தாலும் இன்னொன்று பிழைக்கும். ஒவ்வொரு நூலகமும் ஒரு சாதாரணக் கணினியில் இதழ்களின் பிரதியை வைத்துக்கொள்ளும். அந்தக் கணினிகள் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்றில் பழுது நேர்ந்தால் மற்றவற்றிலிருந்து திருத்திக்கொள்ளும். 2002-ல் நெதர்லாந்தின் தேசிய நூலகம் எல்ஸவியரின் மின்னிதழ்களை நிரந்தரமாகக் காக்க ஒப்பந்தம் செய்தது. 2005-ல் போர்ட்டிகோ என்ற மின்னிதழ்க் காப்பகம் வந்தது. சில ஆண்டுகளே வெளிவந்து நின்றுபோன ‘கிராஃப்ட்’ என்ற உறுப்பு மாற்று மருத்துவ இதழைப் பதிப்பகம் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டபோது, 2008-ல் இந்தக் காப்பகங்களே அதை வாசகர்களுக்குத் திறந்துவைத்தன. ஏற்பாடு வேலை செய்யும் என்பது அப்போது உறுதியானது.

எல்லா இதழுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2000-க்கும் 2019-க்கும் இடையே 170-க்கும் மேற்பட்ட இலவச மின்னிதழ்கள் வலையிலிருந்து முழுதாகக் காணாமல் போய்விட்டதை மிக்கேல் லாக்சோவும் அவர் குழுவினரும் கண்டறிந்தார்கள். பணக்காரப் பதிப்பகங்களின் இதழ்களை எல்லோரும் காக்கிறார்கள். சிறு சங்கங்களும் பல்கலைக்கழகத் துறைகளும் நடத்தும் இதழ்கள்தான் ஒரு சேவையகத்தின் கட்டணம் கட்டத் தவறியதும் மறைந்துபோகின்றன. இந்திய மொழிகளில் ஆய்விதழ் நடத்துவோர் கவலையோடு கவனிக்க வேண்டிய செய்தி இது.

அச்சுத் தொகுதிகளை என்ன செய்வது? பிரிட்டன் நல்ல வழி ஒன்றைக் காட்டியது. 2007-ல் பிரிட்டிஷ் நூலகமும் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் வேறு சில பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஒரு சேமக் காப்புத் திட்டம் தொடங்கின. ஒவ்வொரு இதழுக்கும் பிரிட்டிஷ் நூலகத்தில் ஒரு பிரதி, உறுப்பு நூலகங்களில் இன்னும் இரண்டு பிரதி உறுதியான பிறகே மற்றவர்கள் கழிக்கலாம் என்பது விதி. நூறு கிலோமீட்டர் நீள அலமாரியைக் காலியாக்குவது இலக்கு. ஜேஸ்டோரும் தான் ஸ்கேன் செய்த இதழ்களின் அச்சுப் பிரதிகளை ஹார்வர்டிலும் கலிபோர்னியாவிலும் பத்திரப்படுத்தியது. இதற்குக் காரணம் உணர்ச்சி அல்ல. தொடக்க கால ஸ்கேன்களில் எழுத்து தெளிவாக விழுந்தது. நுண்ணோக்கிப் படங்களும் நட்சத்திர நிறமாலைப் படங்களும் கரிக்கட்டையாக விழுந்தன. விளம்பரம், அட்டை, அறிவிப்புகளை வேண்டாதவை என்று சில ஸ்கேன் திட்டங்கள் விட்டுவிட்டன. ஒரு கருவி எந்த ஆண்டு விற்பனைக்கு வந்தது என்று தேடும் அறிவியல் வரலாற்றாளருக்கு அந்த விளம்பரமே சான்று.

இந்தியாவில் இந்த மாற்றம் தாமதமாக வந்து, வந்தபின் வேகமாகப் பரவியது. 2003 டிசம்பரில் குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம், பல்கலைக்கழகங்களுக்கான யூ.ஜி.சி. இன்ஃபோநெட் மின்னிதழ்த் தொகுப்பைத் தொடங்கிவைத்தார். காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் மையம் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்துப் பேரம் பேசியது. ஐ.ஐ.டி.களுக்கும் பொறியியல் நிறுவனங்களுக்கும் இன்டெஸ்ட் என்ற தனிக் கூட்டமைப்பு இருந்தது. 2010-ல் வந்த என்-லிஸ்ட் திட்டம் ஆண்டுக்கு 5,000 ரூபாய்க்கு ஆயிரக்கணக்கான இதழ்களைக் கல்லூரிகளுக்குக் கொண்டுவந்தது. ஒரு வெளிநாட்டு இதழ்கூட வாங்க வழியில்லாத கலை அறிவியல் கல்லூரியின் இயற்பியல் ஆசிரியர், வீட்டிலிருந்தபடியே கடவுச்சொல் போட்டுக் கட்டுரை இறக்கிக்கொண்டார். தலைமுறை தலைமுறையாக இருந்த ஒரு தாழ்வு அன்று குறைந்தது. அச்சை நினைத்து ஏங்குகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. மின்னிதழ் அளவுக்கு அந்த விதியை நிறைவேற்றிய வேறொன்று நூலக வரலாற்றில் இல்லை. ஐந்தாம் விதி நூலகத்தை வளரும் உயிர் என்கிறது. சந்தா நின்ற அன்றே சேர்த்ததெல்லாம் மறைந்துவிடும் நூலகத்துக்கு அது பொருந்துமா என்று நூலகவியல் மாணவர்கள் தாராளமாக விவாதிக்கலாம்.

கொடைக்கானல் வானாய்வகம் ஓர் எதிர் உதாரணம் தருகிறது. 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்து, அதை அந்த ஆய்வகத்தின் சொந்த வெளியீடான ‘கொடைக்கானல் அப்சர்வேட்டரி புல்லட்டின்’ 15-ம் இதழில் எழுதினார். அந்த புல்லட்டின்கள் ஸ்கேன் செய்யப்பட்டு இன்று வலையில் இலவசமாகக் கிடைக்கின்றன. எவர்ஷெட் விளைவை முதன்முதல் விவரித்த பக்கத்தைத் திண்டுக்கல்லில் இருக்கும் மாணவரும் டோக்கியோவில் இருப்பவரும் ஒரே நொடியில் திறக்கலாம், யாருக்கும் பணம் கட்டாமல். வெளியிட்ட நிறுவனம் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டதால் இது முடிந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் அகாடமியின் இதழ்களும் இப்படித்தான் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன.

2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். முப்பது பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள், 6,300 நிறுவனங்கள், 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும். இவ்வளவு பெரிய ஏற்பாடு உலகிலேயே அரிது. மாவட்டத் தலைநகரில் இருக்கும் அரசுக் கல்லூரிக்கும் ஐ.ஐ.டி.க்கும் ஒரே கதவு என்பது பெரிய காரியம். அதே நேரத்தில் இது மத்திய, மாநில அரசுகள் நடத்தும் கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு மையங்களுக்குமான திட்டம். தமிழ்நாட்டில் ஏராளமான மாணவர்கள் படிக்கும் சுயநிதிக் கல்லூரிகள் அதற்கு வெளியே நிற்கின்றன. 2027 முடிந்ததும் மறுபடி பேச்சு நடக்கும். அந்தப் பேச்சில் இந்தியத் தரப்பில் அமர்கிறவர்கள் முதலில் கேட்டுப் பெற வேண்டியவை மூன்று: பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்கள் சந்தா நின்ற பிறகும் இங்கேயே கிடைக்கும் என்ற உறுதி, அவற்றின் பிரதி இந்திய மண்ணில் உள்ள காப்பகத்தில் இருக்கும் என்ற உறுதி, சுயநிதிக் கல்லூரி மாணவர் அருகில் இருக்கும் அரசுக் கல்லூரி நூலகத்துக்குள் நுழைந்து உட்கார்ந்து படிக்கலாம் என்ற அனுமதி. அச்சு இதழ் இருந்த நாளில் இவை மூன்றும் கேட்காமலே கிடைத்திருந்தன.